காலைக் காட்சிக்குப் பின் ஒரு கேள்வி

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி என்பது
பெயர் தெரியாதவர்களுக்கென்று ஒதுக்கும் நேரம்.
பூசானில் அக்டோபர். கடற்காற்றில்
விழாப் பதாகைகள் ஒன்றையொன்று அறைந்துகொள்கின்றன.
ஏழாம் அரங்கில் இருநூற்றுப் பன்னிரண்டு இருக்கை,
பதினான்கு தலை.
இரண்டு தலை ஏற்கெனவே சாய்ந்தாயிற்று.

நான் மொழிபெயர்ப்பவள்.
ருஷ்ய மொழி உள்ளே, கொரிய மொழி வெளியே,
மணிக்கு இவ்வளவு என்று கூலி.
திரைக்கு ஓரமாய் மடக்கு நாற்காலியில்
அணைந்த மைக்கோடு எண்பத்தோரு நிமிடம்.

பெகிமாயின் முதல் படம்.
நரீனிலிருந்து மூன்று விமானம் மாறி வந்திருக்கிறாள்.
கழுத்தில் தொங்கும் அட்டையில்
அவள் பெயரில் ஓர் எழுத்து தப்பு.
மாற்றித் தரச் சொல்கிறேன் என்றேன்.
"இருக்கட்டும், அவளும் படம் பார்க்கட்டும்" என்றாள்.

படத்தில் நடப்பது இவ்வளவுதான்:
கணவாய்க்கு அப்பால் கட்டிக்கொடுத்த தங்கைக்கு
ஒருவன் ஃபிரிட்ஜ் கொண்டுபோகிறான்.
சறுக்குப் பலகையில் கட்டி,
சாம்பல் குதிரை இழுக்க,
கொட்டும் பனியில்.
இந்தக் குளிரில் ஃபிரிட்ஜ் எதற்கு என்று
வழியில் ஒருவரும் கேட்பதில்லை.
கடைசிப் பதினோரு நிமிடம் திரை வெறும் வெள்ளை.
குளம்புச் சத்தம் மட்டும் வந்துகொண்டே இருக்கிறது,
நம் இருக்கைக்குப் பின்னால் வந்து
நின்றுவிடுமோ என்கிற அளவுக்கு.

விளக்கு போட்டார்கள்.
ஒரு மாணவன் வெண்மையைப் பற்றிக் கேட்டான்.
அவன் கேள்வி அவள் பதிலைவிட நீளம்.
பிறகு கடைசி வரிசையில் ரப்பர் பூட்ஸோடு ஓர் அம்மாள்
எழுந்து நின்றார். பெயர் பியோ மல்சூன்,
ஜகால்ச்சி மீன் சந்தையில் விலாங்கு உரிக்கிறேன்,
இன்று மதியம்தான் முறை, என்று
எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கேட்டார்:
"அந்தக் குதிரை இப்போது எப்படி இருக்கிறது?"

பெகிமாய் தன் மொழியில் ஒரு சொல் சொன்னாள்.
அது எனக்குத் தெரியாது.
பிறகு ருஷ்ய மொழியில், தரையைப் பார்த்தபடி:
"விற்றுவிட்டோம். ஒலிக்கலவைக்குப் பணம் போதவில்லை.
வாங்கியவர் எதற்கென்று சொல்லவில்லை.
நாங்களும் கேட்கவில்லை."

இருபத்திரண்டு வருடத் தொழில்.
குறைத்ததுண்டு, அமைச்சர்களுக்காக.
கூட்டியது கிடையாது.
மைக்கை வாயருகே கொண்டுபோனேன்.
"நலமாக இருக்கிறதாம்" என்றேன்.

"நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்" என்றார் அம்மாள்.
பதினான்கு பேரும் சிரித்தார்கள்,
தூங்கி விழித்த இருவர் உட்பட.
பெகிமாய் அவர்களைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
குதிரையை விற்றதற்கா
சிரிக்கிறார்கள்?

நடைகூடத்தில், இலவசக் காப்பி வரிசையில்,
செய்ததைச் சொன்னேன்.
திட்டுவாள் என்று பார்த்தேன்.
அவள் சர்க்கரைப் பொட்டலத்தைக் கிழிக்காமலே
உதறிக்கொண்டிருந்தாள்.
"அந்தக் கடைசிப் பதினோரு நிமிடம்
பிஷ்கெக்கில் ஓர் ஒலிக்கூடத்தில் செய்தது.
மணல் தட்டில் ஒருவர்
மரக்கிண்ணம் இரண்டைத் தட்டினார்.
அதற்குள் குதிரை போய்விட்டிருந்தது.
அதை விற்ற காசில்தான்
அதன் குளம்புச் சத்தத்தை வாங்கினோம்."

காப்பி வந்தது. குடித்தோம்.

மறுநாள் புதுமுகங்களுக்கான நிதிச் சந்தை.
மேசை முப்பத்தொன்று. ஆளுக்கு இருபது நிமிடம்,
முடிந்தால் மணி அடிப்பார்கள்.
சோலிலிருந்து வந்த தயாரிப்பாளர் குவாக்
அடுத்த படத்தின் கதையைத் தாண்டி
நேரே செலவுப் பட்டியலுக்குப் போனார்.
முதல் வரி:
குதிரை, ஒன்று. திரும்ப வாங்க.

"'திரும்ப' என்பது எழுத்துப் பிழையா?"
என்று கேட்டார் என்னிடம்.

கேள்வியை அவள் பக்கம் திருப்புவதுதான் என் வேலை.
"இல்லை" என்றேன்.
மணி அடிக்க இன்னும் நாலு நிமிடம் இருந்தது.